சி.எஸ்.ஆர். ரசீதும் குற்றவியல் படிப்பும்

கைரேகையை ஒப்பிடுவது, ரத்தக் கறையைச் சோதிப்பது, தோட்டா எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று சொல்வது எல்லாம் தடயவியல். அதற்கு இயற்பியலோ வேதியியலோ உயிரியலோ படித்திருக்க வேண்டும். எந்தப் பிரிவில் வழக்குப் போடலாம், ஜாமீன் கிடைக்குமா என்பதெல்லாம் சட்டக் கல்லூரிப் பாடம். குற்றவியல் இந்த இரண்டிலும் சேராது. ஒரு சமூகம் எதையெல்லாம் குற்றம் என்கிறது, அதை யார் ஏன் செய்கிறார்கள், யார் பாதிக்கப்படுகிறார்கள், போலீசும் கோர்ட்டும் சிறையும் நடுவில் புகுந்து என்ன செய்கின்றன, அதனால் ஏதாவது மாறுகிறதா என்று ஆராய்கிற சமூக அறிவியல் அது. பிளஸ் டூ முடித்துவிட்டு சி.ஐ.டி. கனவோடு வரும் பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பாதி வழியில் ஏமாற்றம் வருவதற்குக் காரணம் பாடத்தின் கடினம் இல்லை, தவறான எதிர்பார்ப்புதான்.

இந்தியாவில் இது புதிய துறை ஒன்றும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கும் தடயவியலுக்கும் சேர்த்து 1959லேயே ஒரு துறை வந்துவிட்டது. நம் பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் முதுகலையும் முனைவர் பட்ட ஆய்வும் இருக்கின்றன. இளங்கலையைத் தனியார் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் நடத்துகிறார்கள். பாதிக்கப்பட்டோரைப் பற்றிய படிப்பான விக்டிமாலஜி இந்தியாவில் வேர்பிடித்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1992இல் இந்திய விக்டிமாலஜி சங்கத்தைத் தொடங்கியவர் பேராசிரியர் கு. சொக்கலிங்கம்.

சரி, படிப்பு எங்கே தொடங்குகிறது? பாடத்திட்டத்தில் முதல் தாள் பெரும்பாலும் கோட்பாடுகளாக இருக்கும். என்னைக் கேட்டால் எஃப்.ஐ.ஆரில் தொடங்கச் சொல்வேன்.

உச்ச நீதிமன்றம் 2016இல் போட்ட உத்தரவின்படி, உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களைக் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஒன்றைத் தரவிறக்கி மேசையில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். சம்பவம் நடந்த நேரம் ஓரிடத்திலும், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம் வேறிடத்திலும் இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியே ஓர் ஆய்வுப் பொருள். தாமதத்துக்குக் காரணம் எழுத எட்டாவதாக ஒரு கட்டம் உண்டு. சம்பவ இடத்துக்கான கட்டத்தில் நிலையத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம், எந்த பீட் (ரோந்துப் பகுதி) என்று கேட்டிருக்கும். குற்ற வரைபடம் போட விரும்புகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். ‘கிழக்கே 2 கி.மீ., பேருந்து நிறுத்தம் அருகில்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. அந்த வட்டாரத்தில் ஒரு சுற்று நடந்தால்தான் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளில் போடும் வரைபடத்தில் புள்ளியைச் சரியாக வைக்க முடியும். இன்னொன்றையும் கவனியுங்கள். பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள் இணையத்துக்கு வராது. அதனால் தரவிறக்கிய எஃப்.ஐ.ஆர்.களை மட்டும் எண்ணிவிட்டு ‘இந்த நிலைய எல்லையில் நடக்கும் குற்றங்கள்’ என்று தலைப்பு வைத்தால், தலைப்பிலேயே பிழை.

எஃப்.ஐ.ஆருக்கு முந்தின படி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சி.எஸ்.ஆர். எனப்படும் சமூக சேவைப் பதிவேடு. புகார் கொடுத்தவர் கையில் ஒரு ரசீது வரும், விசாரிக்கிறோம் என்பார்கள். அது சமாதானத்தில் முடியலாம், எஃப்.ஐ.ஆர். ஆகலாம், அப்படியே கிடக்கவும் செய்யலாம். உடனடியாகக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு போன்ற சிலவற்றுக்கு மட்டும் முதற்கட்ட விசாரணையை அனுமதித்தது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் கீழ் தண்டனையுள்ள குற்றங்களுக்கு 14 நாளில் முடிக்க வேண்டிய முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமான என்.சி.ஆர்.பி. எண்ணுவதோ பதிவான வழக்குகளை மட்டும். சி.எஸ்.ஆரோடு நின்றுபோன துன்பம் எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்காது.

எவ்வளவு விடுபடுகிறது என்பதைக் குடும்ப வன்முறையில் பார்க்கலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். கணவர், கணவர் வீட்டார் கொடுமை என்று 2022இல் நாடு முழுவதும் பதிவான வழக்குகள் ஏறத்தாழ 1.4 லட்சம். முன்னது வாழ்நாள் அனுபவம், பின்னது ஓராண்டு வழக்கு. நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் கோடிகளுக்கும் லட்சத்துக்கும் உள்ள தூரம் அளவுகோல் மாறியதால் மட்டும் வந்ததில்லை. 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் இத்தகைய மனுக்கள் எப்படி நகர்கின்றன, கவுன்சலிங்குக்குப் போனது எத்தனை, வழக்கானது எத்தனை, திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பது இன்னும் பல ஆய்வேடுகளுக்குத் தாங்கும்.

என்.சி.ஆர்.பி. தொகுதிகளைப் படிக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். 2022இல் பதிவானவை 58,24,946 வழக்குகள், லட்சம் பேருக்கு 422.2 என்ற விகிதம். இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, முதன்மைக் குற்ற விதி. ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் திருட்டும் இருந்தால் கொலையாக மட்டும் கணக்கில் ஏறும்; திருட்டு காணாமல் போகும். இரண்டு, விகிதத்தின் கீழே வகுக்கும் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலிருந்து நீட்டிப் பார்த்த மதிப்பீடு. வெளியூர்க்காரர்கள் குவியும் ஊர்களில் இது விகிதத்தை ஊதிக் காட்டும்.

இவற்றைவிடப் பெரிய குழி 2020. அதற்கு முந்தைய ஆண்டு 51.56 லட்சமாக இருந்த வழக்குகள் 66.01 லட்சமாயின. நாடு வன்முறைக் காடாகிவிட்டதா என்ன? ஊரடங்கு உத்தரவை மீறியதாக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் (இ.த.ச.) 188ஆவது பிரிவில் போட்ட வழக்குகள் மட்டும் 29,469இலிருந்து 6,12,179ஆக ஏறின. தமிழ்நாட்டின் எண்ணும் இதனால்தான் அந்த ஆண்டு பல மடங்கு தாவியது. 2019இலிருந்து 2021வரை ஒரு கோடு இழுத்து ‘குற்றம் அதிகரித்துவிட்டது’ என்று எழுதுகிற ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடலாம். கேரளத்தின் விகிதம் ஆண்டுதோறும் மேலே நிற்பதற்கும் அங்கே வழக்குப் பதிவு செய்யும் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறுவேறு என்று என்.சி.ஆர்.பி.யே தன் தொகுதிகளில் எச்சரிக்கிறது. செய்தித்தாள் தலைப்புகளில்தான் அந்த எச்சரிக்கை ஏறுவதில்லை.

2024 ஜூலை 1 முதல் இன்னொரு முறிவும் வந்துவிட்டது, இ.த.ச.வின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318. பிரிவு எண் மாறியதை ஒரு பட்டியல் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். பறிப்பு அப்படியில்லை. புதிய சட்டத்தில் 304ஆவது பிரிவாக அது தனிக் குற்றமாகியிருக்கிறது. முன்பு செயின் பறிப்பைச் சில நிலையங்களில் திருட்டாகவும் சிலவற்றில் வழிப்பறியாகவும் போட்டார்கள். பழைய ஆண்டுகளையும் புதிய ஆண்டுகளையும் ஒரே வரைபடத்தில் வைப்பதற்கு முன் எஃப்.ஐ.ஆரின் விவரப் பகுதியைப் படித்து, நடந்தது என்ன என்று நாமே வகைப்படுத்த வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்யாத செயின் பறிப்பு ஆய்வை நம்ப மாட்டேன்.

இனி கோட்பாடுகள். இவற்றை மனப்பாடத் தாளாக்கிவிடுவது இந்தப் படிப்புக்கு நேரும் பெரிய கெடுதி. பெக்காரியா 1764, லொம்ப்ரோசோ 1876, மெர்ட்டன் 1938 என்று வரிசையாக ஒப்பித்துத் தேர்ச்சி பெற்றுவிட முடியும், ஒன்றும் புரிந்திருக்காது. ஒவ்வொரு கோட்பாட்டிடமும் ‘நீ தவறு என்று எதை வைத்துக் காட்டலாம்?’ என்று கேட்டுப் படித்தால்தான் பயன். பிறவியிலேயே குற்றவாளிகள் உண்டு, மண்டையோட்டிலும் தாடையிலும் அடையாளம் தெரியும் என்றார் லொம்ப்ரோசோ. சிறைக்குள் அளந்தார், வெளியே சரியான ஒப்பீட்டுக் குழு வைத்து அளக்கவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்து, சிறைக்கு வெளியே இருந்தவர்களோடு ஒப்பிட்டு, அப்படியொரு உடல்வகையே இல்லை என்று 1913இல் வெளியிட்டார்.

அந்த எண்ணம் மட்டும் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. குற்றம் பரம்பரையாக வருகிறது என்று முடிவுகட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இலேயே இங்கே வந்துவிட்டது. 1911 திருத்தம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. ஒரு சாதியில் பிறந்த ஆண்கள் கைரேகை கொடுக்க வேண்டும், இரவில் நிலையத்துக்கு வந்து படுக்க வேண்டும். எதிர்த்து நின்ற உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். குற்றவியலின் தவறான ஒரு கருதுகோளுக்கு நம் மண்ணில் விழுந்த பிணங்கள் அவை. நாடு முழுவதும் சட்டம் ஒழிந்தது 1952இல். ஆனால் பழக்கக் குற்றவாளிகள் பற்றிய சட்டங்கள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. இன்றும் நிலையத்தில், பழைய குற்றவாளிகள் என்று கருதப்படுவோரைக் கண்காணிக்கும் சரித்திரப் பதிவேடு இருக்கிறது. குற்றவாளி என்று சமூகம் குத்தும் முத்திரையே ஒருவரை அந்த வழியில் தள்ளுகிறது என்று ஹோவர்டு பெக்கர் 1963இல் முன்வைத்த முத்திரை குத்தல் கோட்பாட்டை அமெரிக்க உதாரணங்களோடு படித்துவிட்டு நம் பதிவேட்டை மறந்துவிடும் வகுப்பு அரைகுறை வகுப்பு.

கோஹனும் ஃபெல்சனும் 1979இல் சொன்னது எளிமையானது. குற்றம் செய்யத் துணிந்தவர், கைக்கெட்டும் இலக்கு, தடுக்க ஆளில்லாத நிலை மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால் குற்றம் நடக்கும். விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண், கழுத்தில் வெளியே தெரியும் தாலிக்கொடி, ஆளில்லாத தெரு, முனையில் மெயின் ரோடு, எஞ்சின் அணையாத பைக். இந்தக் காட்சியை மூன்று உறுப்பாகப் பிரித்து, எதை மாற்றினால் எது குலையும் என்று எழுதுவது நல்ல வகுப்புப் பயிற்சி. கேமரா வைத்தால் அந்தத் தெருவில் குறையலாம். இரண்டு தெரு தள்ளிக் கூடியதா என்று பார்க்காமல் வெற்றி என்று எழுதக் கூடாது. மினியாபொலிஸ் நகரில் லாரன்ஸ் ஷெர்மனும் குழுவினரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், போலீசுக்கு வந்த அழைப்புகளில் பாதி ஏறத்தாழ 3 விழுக்காடு முகவரிகளிலிருந்தே வந்திருந்தன. ரோந்து எங்கே போக வேண்டும் என்பதற்கு இது நேரடியாகப் பயன்படும்.

சேவை மனப்பான்மையோடு வருகிற மாணவர்கள் தவறாமல் படிக்க வேண்டியது கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் தொடங்கியது. 506 சிறுவர்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, குலுக்கல் முறையில் ஒருவனுக்கு ஆலோசகர், ட்யூஷன், கோடை முகாம், மருத்துவ உதவி எல்லாம் கொடுத்தார்கள். மற்றவனை அப்படியே விட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் தேடிப் பிடித்து விசாரித்தார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அது தங்களுக்கு நன்மை செய்தது என்றே சொன்னார்கள். கணக்கு வேறு சொன்னது. குடிநோய், மனநோய், இளவயது மரணம் போன்ற பல அளவுகளில் உதவி பெற்ற குழுவே மோசமாக இருந்தது. 1978இல் வெளியான இந்த முடிவை மனதில் வைத்துக்கொண்டு, பள்ளிகளில் நடக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைப் பற்றிய ஆய்வேடுகளைப் பாருங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வினாத்தாள், ‘90 விழுக்காட்டினர் பயனுள்ளது என்றனர்’, அதோடு முடிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் பயன் என்ற சொல்லையே எழுதக் கூடாது.

முதுகலை இரண்டாமாண்டில் ஆய்வேடு. ‘384 பேரிடம் கேட்டேன்’ என்று பல ஆய்வேடுகளில் வரும். 95 விழுக்காடு நம்பகத்துக்கும் 5 விழுக்காடு பிழை வரம்புக்கும் சூத்திரம் தரும் எண் அது. எளிய குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தால்தான் அது செல்லும். கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுக்களில் தள்ளிவிட்டு 384 சேர்த்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. முறைப்படி எடுத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஓராண்டில் திருட்டுக்கு ஆளானவர்கள் 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 384இல் அவர்கள் 15 பேர். அந்தப் பதினைந்தை ஆண், பெண் என்றும், புகார் கொடுத்தவர், கொடுக்காதவர் என்றும் நான்காகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு மூன்று நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். இரண்டு பண்புகளுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனைக்கு எதிர்பார்ப்பு எண் கட்டத்துக்கு ஐந்தாவது வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் இதைச் சொல்லும். பலர் அந்த வரியை வெட்டிவிட்டு அட்டவணையை ஒட்டிவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டோரைப் பற்றித்தான் ஆய்வு என்றால் அவர்களை நேரடியாகத் தேடிப்போகும் மாதிரி முறை வேண்டும், அல்லது நேர்காணல் ஆய்வாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்பதிலும் கவனம் தேவை. ‘நீங்கள் குற்றத்தால் பாதிக்கப்பட்டிருக்கிறீர்களா?’ என்றால் ‘அதெல்லாம் இல்லீங்க’ என்றுதான் பதில் வரும். பெட்ரோல் திருடு போனதை, பஸ்ஸில் பர்ஸ் போனதை, லோன் ஆப் மிரட்டலை யாரும் குற்றக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. பொருள் பொருளாகக் கேளுங்கள். வண்டி, வண்டியின் பாட்டரி, செல்போன், ஏ.டி.எம். கார்டு, வீட்டுப் பூட்டு என்று போகட்டும். ‘கடந்த ஆறு மாதத்தில்’ என்பதைவிட ‘பொங்கலுக்குப் பிறகு’ என்று நாளைக் கட்டுங்கள். பெரிய இழப்புகளை மனம் அண்மையில் நடந்ததுபோல் இழுத்துக்கொண்டு வரும். பண்டிகையோடு கட்டினால் அது குறையும்.

சிறைக்குள் ஆய்வு செய்ய ஆசைப்படுவோர் அதிகம். மூன்றாம் பருவம் தொடங்கியதுமே விண்ணப்பியுங்கள். எழும்பூரில் உள்ள சிறைத்துறைத் தலைமையகத்திலிருந்து அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும். துறைத் தலைவரின் கடிதத்தோடு, ஆய்வுச் சுருக்கம், தமிழ் வினாப்பட்டியல், ஒப்புதல் படிவம், எந்தச் சிறை, எத்தனை நாள் என்ற விவரம் எல்லாம் ஒரே கட்டாகப் போக வேண்டும். வினாப்பட்டியலைப் பிறகு தருகிறேன் என்றால் கோப்பு நகராது. வேறொரு தலைப்பையும் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பவர்களைக் குற்றவாளிகள் என்று எழுதிவிடாதீர்கள். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், விசாரணைக் கைதிகள். தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் மூன்றாவது வகை. தடுப்புக் காவல்தான், தண்டனை இல்லை. மூவரையும் ஒரே மாதிரியில் கலந்தால் ‘குற்றவாளிகளின் மனப்பாங்கு’ என்று நீங்கள் அளந்தது எதுவென்று உங்களுக்கே தெரியாது. விசாரணைக் கைதியிடம் வழக்கில் நடந்ததைக் கேட்கவே கூடாது. வக்கீலிடம் சொல்வதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு ஆய்வாளரிடம் சொல்வதற்கு இல்லை. நாளைக்குக் கோர்ட் உங்களைக் கூப்பிட்டால் மறுக்க வழியில்லை. வார்டர் பக்கத்தில் நிற்கும்போது சிறை உணவைப் பற்றிக் கேட்டு வாங்கும் பதிலுக்கும் பொருள் இல்லை.

களத்தில் எங்கே போனாலும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவை நினைவில் வைத்திருங்கள். குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் யாராக இருந்தாலும் புகாரளிக்க வேண்டும். மாணவருக்கு விலக்கு இல்லை. ஆகவே ‘நீங்கள் சொல்வது எதையும் வெளியே சொல்ல மாட்டோம்’ என்று ஒப்புதல் படிவத்தில் எழுதுவது பொய் வாக்குறுதி. அவர்கள் எதைச் சொன்னால் நீங்கள் போலீசில் சொல்லியாக வேண்டிவரும் என்பதைப் பேட்டிக்கு முன்பே, புரிகிற தமிழில், வாயால் சொல்லிவிடுங்கள்.

வேலையைப் பற்றி. சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். குற்றவியல் பட்டத்தால் மட்டும் காக்கி கிடைக்காது. நன்னடத்தை அலுவலர், சிறை நல அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சகி ஒன் ஸ்டாப் சென்டர் ஆகிய இடங்களில் இந்தப் படிப்பு நேராகப் பொருந்தும். ஆனால் சமூகப்பணி, உளவியல் படித்தவர்களும் அங்கே போட்டியிடுவார்கள். அறிவிக்கையில் தகுதிப் பகுதியை வரி விடாமல் படியுங்கள். சில அறிவிக்கைகளில் குற்றவியல் பெயர் இருக்கும், சிலவற்றில் விடுபட்டிருக்கும். வங்கிகளில் மோசடித் தடுப்பு, பணமோசடிக் கண்காணிப்புப் பிரிவுகள் வளர்கின்றன. அங்கே எக்செலும் புள்ளியியலும் கேட்பார்கள். கற்பிக்க விரும்புகிறவர்களுக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் 68ஆவது பாடம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கி, ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் தனித்தனித் தாளாக இருக்கின்றனவா, களப்பயிற்சி எத்தனை வாரம், எந்தெந்த அலுவலகங்களுக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். சிறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருவதைக் களப்பயிற்சி என்கிறார்களா, நன்னடத்தை அலுவலரோடு உட்கார்ந்து விசாரணை அறிக்கை தயாரிக்க விடுகிறார்களா என்று பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். சென்ற ஆண்டு ஆய்வேடுகளை நூலகத்தில் புரட்டிப் பாருங்கள். மாதிரி எப்படி எடுத்தார்கள் என்ற பகுதி அரைப் பக்கத்தில் முடிந்திருந்தால் வேறு கல்லூரியையும் விசாரியுங்கள்.